ஓஸ்டர்மோன்ட் கால்வாயும் இருபத்து மூன்றாவது ஓட்டும்

செப்டம்பர் பிறந்துவிட்டால் ஓஸ்டர்மோன்ட்டில் யாரும் வெள்ளைத் துணியை வெளியே காயப்போட மாட்டார்கள். வைக்கோல் அட்டை ஆலைக்குப் பருவம் தொடங்கும் மாதம் அது. சுண்ணாம்பில் வேகவைத்த வைக்கோலின் கழிவு ஓயாமல் கால்வாயில் இறங்கும். தண்ணீர் முதலில் பழுப்பாகும், பிறகு கருப்பாகும், பிறகு அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். அந்த வாயு பட்டால் கதவிலுள்ள வெள்ளைப் பெயின்ட் கருத்துப்போகும். தண்ணீரின் மேல் இடுப்பளவுக்கு நுரை நிற்கும். ஊரே கால்வாயின் இரு கரையிலும் நீளவாட்டில் கட்டப்பட்டது. எல்லார் வாசலுக்கும் பத்தடி தூரத்தில் அந்த நுரை. பண்ணையார்களுக்கு ஆலையில் பங்கு, மற்றவர்களுக்கு ஆலையில் வேலை. ஆகவே நாற்றத்தைப் பற்றிப் பேசுவது ஊரில் மரியாதைக் குறைவு.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் வேலையில் இருந்தவர் கேசீன் ஓர்ட்வைன். பதினான்கு வயதில் ஆலைக்கு அட்டை அடுக்கப் போனவர். அங்கேயே உலர்த்தும் கூடத்தில் வேலை செய்த ரோலஃபை மணந்துகொண்டார். பள்ளிப்படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. ஆனால் தொழிலாளர் வாசகசாலையின் நானூற்றுச் சொச்சம் புத்தகங்களையும் படித்து முடித்திருந்தார். வேதியியல் புத்தகத்தை மட்டும் மூன்று தடவை.

1958 அக்டோபரில் பக்கத்து வீட்டுக் குழந்தை ஹின்கே நுரையைப் பனி என்று நினைத்து அதன்மேல் நடக்கப் போனாள். நான்கு வயது. குழந்தை விழுந்த இடத்தை நுரை மறுபடி மூடிக்கொண்டது. எங்கே தேடுவது என்றே தெரியாமல் ஆண்கள் நீளக் கழிகளால் ஒரு மணி நேரம் துழாவினார்கள். இறங்கித் தேட அங்கே நின்ற யாருக்கும் நீந்தத் தெரியாது. வாசலில் கால்வாய் ஓடும் ஊரில் நீச்சல் தெரிந்தவர் ஐந்து பேர்கூட இல்லை. அந்தத் தண்ணீரில் யார் பிள்ளையை இறக்கிப் பழக்குவார்கள்?

அடக்கம் முடிந்து காபியும் கேக்கும் பரிமாறிக்கொண்டிருந்தபோது பாதிரியார், எல்லாம் தேவனுடைய சித்தம் என்று தாய்க்கு ஆறுதல் சொன்னார். கேசீன் கையிலிருந்த காபிக் கூஜாவை மேசைமேல் வைத்தார்.

"தேவனோட சித்தம் சரி, பாதிரியாரே. அந்தக் கழிவுக் குழாய் யாரோட சித்தம்?"

"துக்க வீட்டுல இப்படியெல்லாம் பேசலாமாம்மா?"

"வேற எந்த வீட்டுல பேசுறது? ஆலை டைரக்டர் வீட்டுக்கு என்னை யாரும் கூப்பிடுறதில்லையே."

அடுத்த ஆண்டு கேசீன் ஒரு பலகையை வாங்கி இரண்டாக அறுத்தார். ஒரே டப்பா வெள்ளைப் பெயின்ட்டை இரண்டுக்கும் அடித்தார். ஒன்றைத் தன் வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். மற்றதை ஆலை இல்லாத மேட்டுநிலத்தில் வாழ்க்கைப்பட்ட தன் தங்கை வீட்டில் மாட்டச் சொன்னார். டிசம்பரில் இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பஸ் ஏறி, தலைநகரில் மாகாண மன்றத்தின் பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தார். காற்றில் கெடுதல் எதுவும் இருப்பதாக நிரூபணம் இல்லை என்று ஓர் உறுப்பினர் சொல்லிக்கொண்டிருந்தபோது எழுந்து, ஒரு கையில் வெள்ளைப் பலகையும் ஒரு கையில் கருப்புப் பலகையுமாக நின்றார். பேசவில்லை, பார்வையாளர் பேசக்கூடாது என்பது விதி. பலகையைத் தூக்கிப் பிடிக்கக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. சேவகர்கள் வந்து அவரை அழைத்துப் போவதற்குள் பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுத்துவிட்டார்.

அந்தப் படத்துக்காகத்தான் சிவப்புக் கட்சி 1962 தேர்தல் பட்டியலில் அவருக்குப் பதினோராவது இடம் கொடுத்தது. பள்ளிக்கூடம் பெருக்கும் பெண் பட்டியலில் இருந்தால் நாலு ஓட்டு கூட விழும் என்பது கட்சித் தலைவர் ஆல்டர்ட் புஸ்ஸின் யோசனை. ஓட்டு விழுந்தது. அங்கே ஓட்டு கட்சிக்குத்தான், விழுந்த ஓட்டுக்கேற்பப் பட்டியலின் மேலிருந்து வரிசையாக ஆட்கள் உறுப்பினராவார்கள். கேசீனும் உறுப்பினராகி உள்ளே வந்துவிட்டார்.

பதவி ஏற்கும் நாளில் அவர் கடவுள் பெயரால் சத்தியம் செய்ய மறுத்து, உறுதிமொழி மட்டும் சொன்னார். சட்டம் இரண்டையும் அனுமதிக்கிறது. ஆனாலும் எதிர்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. "மேல ஒருத்தனுக்குப் பயப்படாதவ வாக்குக்கு என்ன மதிப்பு?" என்று ஒரு பண்ணையார் காதில் விழும்படியே கேட்டார். அப்போது எழுந்து நின்றவர் ட்யார்க்கோ ஹோம்மெஸ். பண்ணையார்களின் கட்சித் தலைவர். ஓஸ்டர்மோன்ட் ஆலையின் பங்குதாரர் சங்கத்துக்கும் தலைவர். நூற்றிருபது ஏக்கர் கோதுமை நிலம், வெள்ளை மீசை, தணிந்த குரல்.

"அந்தம்மாவோட வெறும் வார்த்தை எனக்குப் போதும். நம்ம பத்துப் பேர் சத்தியத்தைவிட அது நிக்கும்," என்றார்.

அவர் அதை மனப்பூர்வமாகத்தான் சொன்னார். அதனால்தான் பின்னால் நடந்தது அவ்வளவு வலித்தது.

மூன்று ஆண்டுகள் கேசீன் கேள்வி எழுதி அனுப்பினார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. சுத்திகரிப்புத் தொட்டி கட்டச் சொன்னால் ஆலையை மூட வேண்டிவரும் என்று ஹோம்மெஸ் ஒவ்வொரு முறையும் வருத்தத்தோடு சொன்னார். அந்த வருத்தத்தைக் கேட்டு ஆலைத் தொழிலாளர்களே நடுங்கினார்கள். கேசீன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் அந்த நடுக்கம் வந்தது.

"ஆலைய மூடிட்டா என்ன பண்றது?" என்றார் ரோலஃப், கடுகுச் சூப்பில் கருப்பு ரொட்டியைத் தோய்த்தபடி. "நீ மன்றத்துல எழுதுற கேள்விய வேகவச்சுத் திங்கவா?"

"மூட மாட்டாங்க. மூடப்போறவன் இந்த வருஷம் எதுக்குப் புது பாய்லர் வாங்கினான்?"

ரோலஃப் வாயிலிருந்ததை விழுங்கினார். "அது கேள்விதான்," என்றார். "ஆனா மத்தவங்க உன்னைக் கேக்கல, என்னைக் கேக்குறாங்க. உன் பொண்டாட்டி யார் பக்கம்னு."

"நீ என்ன சொன்ன?"

"என் பக்கத்துலதான் படுக்குறா, அதுக்கு மேல தெரியாதுன்னேன்."

1965இல் வாய்ப்பு வந்தது. கழிவு விடும் அனுமதி செப்டம்பர் முதல் தேதியோடு முடிகிறது. அதற்குள் மன்றம் எதுவும் முடிவு செய்யாவிட்டால் அனுமதி தானாகவே இன்னும் ஐந்து ஆண்டுகள் நீளும். கேசீன் தீர்மானம் கொண்டுவந்தார்: இந்தப் பருவம் பாதிக் கழிவு, அடுத்த பருவம் தொட்டி கட்டாமல் ஒரு வாளிகூடக் கூடாது. ஜூலையில் கோடை விடுமுறைக்கு முந்தைய கடைசிக் கூட்டத்தில் ஓட்டெடுப்பு. மன்றத்தில் நாற்பத்தேழு பேர். கேசீன் உறுப்பினர்களின் வீடு வீடாகப் போய்க் காபி குடித்து, எண்ணிப் பார்த்ததில் ஆதரவு இருபத்து நான்கு, எதிர்ப்பு இருபத்து மூன்று.

கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பு ஹோம்மெஸ் குடல் அறுவைக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அங்கிருந்து கேசீனைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தார்.

மன்றத்தில் நெடுநாள் வழக்கம் ஒன்று இருந்தது. ஒரு பக்கத்தில் ஒருவர் நோயில் படுத்தால், எதிர்ப்பக்கத்தில் ஒருவர் ஓட்டெடுப்பின்போது வெளியே உட்கார்ந்துகொள்வார். யாருடைய காய்ச்சலும் மாகாணத்தின் முடிவைத் தீர்மானிக்கக்கூடாது என்பது அதன் நியாயம். எழுதிவைக்காத வழக்கம், கையெழுத்து கிடையாது, வாய் வார்த்தை மட்டும்.

"உங்ககிட்டதான் கேக்கணும்னு தோணிச்சு," என்றது போனில் தணிந்த குரல். "தீர்மானம் உங்களோடது. நீங்க வெளியே உக்காந்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

கேசீன் கணக்குப் போட்டார். அவர் வெளியே இருந்தாலும் இருபத்து மூன்றுக்கு இருபத்திரண்டு. தீர்மானம் நிறைவேறும். "உடம்பைப் பாத்துக்கோங்க ஐயா. நான் வெளியே இருக்கேன்," என்றார்.

கூட்டத்தன்று மன்றத்தை ஒட்டிய காபி அறையில் போய் உட்கார்ந்தார். சேவகர் சிக்கோ காபி ஊற்றி, வழக்கப்படி ஒரே ஒரு பிஸ்கோத்தை வைத்து, டப்பாவை மூடினார். பத்தே கால் மணிக்குப் போன் அடித்தது. எடுத்துக் கேட்ட சிக்கோவின் முகம் மாறியது.

"வுப்போ ஐயா பேசுறார். பாலம் தூக்குறவன் குடிசையிலேருந்து. பாலத்தைத் தூக்கிப் படகை விட்டாங்களாம், இப்ப பாலம் இறங்க மாட்டேங்குதாம்."

வுப்போ பெல், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கேசீனின் கட்சிக்காரர், இருபத்து மூன்றில் ஒருவர். அவருடைய காரும் அவரும் அக்கரையில். பாலம் மாகாணத்துக்குச் சொந்தமானது. பழுதுபார்க்கப் பணம் ஒதுக்கும் விஷயமும் பரிசீலனையில்தான் இருந்தது.

இப்போது இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு. சமமானால் விதிப்படி விஷயம் அடுத்த கூட்டத்துக்குப் போகும். அடுத்த கூட்டம் அக்டோபரில்.

ஆல்டர்ட் புஸ் கேட்டுக்கொண்டதன்பேரில், மன்றத்துக்குத் தலைமை தாங்கும் அரசியின் ஆணையர் அரை மணி நேரம் கூட்டத்தை நிறுத்தினார். பாலம் இறங்கவில்லை. கேசீன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். ஹோம்மெஸ்ஸின் மனைவி எடுத்தார்.

"நேத்துதான் அறுத்தாங்கம்மா. மருந்து மயக்கத்துல தூங்குறார். எழுப்ப மாட்டேன். என்ன விஷயம்?"

"நான் கொடுத்த வாக்கிலேருந்து என்னை விடுவிக்கச் சொல்லிக் கேக்கணும்."

"அதை அவர்தானே சொல்லணும்," என்றார் அந்த அம்மா. "காலையில மருந்து கொடுத்துத் தூங்கவைக்கிறதுக்கு முன்னாடிகூட உங்களைப் பத்தித்தான் சொன்னார், கவலையில்லைன்னு."

கேசீன் போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது ஆல்டர்ட் வாசலில் நின்றிருந்தார்.

"உக்காரு கேசீன். வாக்குன்னா வாக்கு."

"ஒருத்தரோட காய்ச்சல் முடிவு பண்ணக்கூடாதுன்னுதானே இந்த வழக்கம்? துருப்பிடிச்ச பாலம் மட்டும் முடிவு பண்ணலாமா?"

"அஞ்சு வருஷம் கழிச்சு மறுபடி கொண்டுவருவோம். அக்டோபர்ல ரோடு தீர்மானம் வருது, அவங்க ஓட்டு நமக்கு வேணும். இன்னைக்கு நீ உள்ள போனா இனி எவனும் நம்ம கூட உக்காந்து பேச மாட்டான்."

"அப்ப இது வாக்கைப் பத்தி இல்ல. ரோட்டைப் பத்தி."

"ரெண்டும்தான்," என்றார் ஆல்டர்ட். அவர் கெட்ட மனிதர் அல்ல. அவர் ஊரில் ஆலை இல்லை, அவ்வளவுதான். மணி அடித்தது. உள்ளே போனார்.

ஓட்டெடுப்பில் யாரிடமிருந்து தொடங்குவது என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். ஆணையர் பையில் கைவிட்டு எண் எழுதிய ஒரு வில்லையை எடுத்தார். இருபது. உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலில் கேசீனின் எண் பத்தொன்பது. அதாவது எல்லாரையும் அழைத்து முடித்த பிறகு, கடைசியாக அவர் பெயர். வெளியே இருப்பவர் பெயரையும் செயலாளர் படிப்பார். பதில் இல்லையென்றால் அடுத்த வேலைக்குப் போவார்.

கதவு திறந்தேதான் இருந்தது. ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு பதிலும் காபி அறைக்குக் கேட்டது. ஆதரவு. எதிர்ப்பு. எதிர்ப்பு. ஆதரவு. யாராவது ஒருவர் மனம் மாறினால் போதும், தான் எழ வேண்டியதில்லை என்று கேசீன் காத்திருந்தார். ஒருவரும் மாறவில்லை. ஹோம்மெஸ் பெயர் படிக்கப்பட்டது, உடல்நலமில்லை என்றார்கள். வுப்போவின் பெயருக்குப் பதில் இல்லை. சிக்கோ கையிலிருந்த துணியால் துடைத்த மேசையையே துடைத்துக்கொண்டிருந்தார்.

கேசீன் தன்னிடம் சாக்குப்போக்கு எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. வாக்கு கொடுத்தது உண்மை. நம்பியவர் மயக்கத்தில் கிடப்பது உண்மை. உள்ளே போனால் அது ஏமாற்று. அதற்கு வேறு பெயர் கிடையாது. இந்தப் பக்கம் ஐந்து பருவங்கள், ஐந்து வருட நுரை, நீந்தத் தெரியாத ஓர் ஊர். இந்த நாகரிகமான ஏற்பாட்டின் விலையை அறைக்குள் இருப்பவர்கள் எவரும் கொடுக்கப் போவதில்லை.

"திருமதி ஓர்ட்வைன்," என்று படித்தார் செயலாளர், பதில் வராது என்று தெரிந்த குரலில்.

கேசீன் வாசலைத் தாண்டி நடந்து, தன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, "ஆதரவு," என்றார்.

செயலாளரின் பேனா உடனே எழுதவில்லை. ஆணையர் அவரைப் பார்த்துவிட்டு, விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "இருபத்து மூன்று ஆதரவு, இருபத்திரண்டு எதிர்ப்பு," என்றார். விதிப்படி அதில் தவறு எதுவும் இல்லை.

"கடவுள் பேரைச் சொல்லாதவ வாக்கு இவ்வளவுதான்னு அன்னைக்கே கேட்டேனே!" என்று எதிர்வரிசையிலிருந்து அதே பண்ணையார் கத்தினார்.

"கேட்டீங்க," என்றார் கேசீன். "கடவுள் பேரைச் சொன்னவங்க எல்லாம் இன்னைக்கு எந்தக் குழாயைத் திறந்துவிட ஓட்டுப் போட்டீங்கன்னு நானும் கேட்டுட்டுதான் இருந்தேன்."

சொல்லிவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அக்டோபர் கூட்டத்தில் ஆல்டர்ட், கட்சியின் சார்பில், கேசீன் உட்கார்ந்திருக்கும்போதே எதிர்க்கட்சியிடம் மன்னிப்புக் கேட்டார். ரோடு தீர்மானம் நிறைவேறியது. அதன்பிறகு பதவிக்காலம் முடியும்வரை, காபி இடைவேளையில் கேசீன் உட்காரும் மேசைக்கு வேறு யாரும் வரவில்லை. வுப்போ மட்டும் ஒருமுறை வந்து, "பாலத்துல மாட்டினவன்கிற முறையில எனக்கும் பாதிப் பழி," என்று உட்கார்ந்தார். அடுத்த கூட்டத்தில் அவரும் அந்த மேசைக்கு வரவில்லை.

ஆலையை மூடவில்லை. பதினோரு மாதத்தில் தொட்டிகளைக் கட்டி முடித்தார்கள். ஒரு தொழிலாளியையும் நீக்கவில்லை. ரோலஃபை மட்டும் உலர்த்தும் கூடத்திலிருந்து வைக்கோல் முற்றத்துக்கு மாற்றினார்கள். ஐம்பது வயதில் மழையில் நின்று வைக்கோல் கட்டு இறக்கும் வேலை. காரணம் கேட்டதற்கு, ஆள் தேவை என்றார்கள். முதல் வாரம் அவர் வீட்டில் பேசவில்லை. இரண்டாம் வாரம், "அங்க காத்து நல்லாருக்கு," என்றார்.

1966 பட்டியலில் கேசீனுக்கு முப்பத்து நான்காவது இடம். அந்த இடத்திலிருந்து எவரும் மன்றத்துக்குள் போனதில்லை. பெயரைத் தேடிப் பார்த்து அவருக்கென்றே ஓட்டுப் போட்டவர்கள் மாகாணம் முழுக்க ஆயிரத்துச் சொச்சம் பேர். பட்டியல் வரிசையைத் தாண்டி ஜெயிக்க வேண்டியதில் அது பாதிகூட இல்லை. ஓஸ்டர்மோன்ட்டில் இருநூற்று மூன்று. மற்றவர்கள் இன்னும் பயத்திலிருந்து வெளியே வரவில்லை. பயம் காட்டியவர்கள் மேல் அவர்களுக்குக் கோபம் இல்லை, அது வெறும் பயம்தான் என்று காட்டியவர்மேல்தான் கோபம்.

அந்த ஆண்டு செப்டம்பரில் தொட்டித் திறப்பு விழா நடந்தது. மேளக்குழு வாசித்தது. ஆணையர் வந்து ஒரு சக்கரத்தைத் திருகினார். ஆல்டர்ட்டும் பண்ணையார்களும் ஒரே வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கேசீனுக்கு அழைப்பு இல்லை. பள்ளிக்கூட வேலையை முடித்துவிட்டு எதிர்க்கரையில் சைக்கிளைப் பிடித்தபடி நின்று பார்த்தார். விழா முடிந்ததும் மெலிந்துபோன ஒருவர் கைத்தடி ஊன்றிப் பாலத்தைக் கடந்து அவரிடம் வந்தார். ட்யார்க்கோ ஹோம்மெஸ்.

"நான் மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க," என்றார்.

"நான் அதைக் கேக்கல ஐயா. உங்களை ஏமாத்தினேன். இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"மறுபடி அப்படி ஒரு நாள் வந்தா?"

"போன்லயே முடியாதுன்னு சொல்லிடுவேன். அன்னைக்கு என் ஓட்டு என்னோடதுன்னு நினைச்சு உங்களுக்கு வாக்கு கொடுத்தேன். அது ஊர்க்காரங்க எங்கிட்ட கொடுத்து வச்சது. அதைத் தூக்கி உங்களுக்கு மரியாதை பண்ண எனக்கு என்ன உரிமை இருக்கு? தப்பு அங்கேயே ஆரம்பிச்சது."

ஹோம்மெஸ் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழுப்பாகத்தான் இருந்தது, ஆனால் ஓடியது.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றார் கேசீன். "தொட்டி கட்டச் சொன்னா ஆலைய மூடணும்னு மூணு வருஷம் சொன்னீங்க."

"சொன்னோம்."

"மூட வேண்டியதில்லைன்னு தெரிஞ்சேவா?"

அவர் முகத்துக்கு நேரே பொய் சொல்லிப் பழகாதவர். நேருக்கு நேர் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார். மூன்று ஆண்டுகளாக யாரும் நேருக்கு நேர் கேட்கவில்லை. "தெரிஞ்சேதான்," என்றார்.

"அதுக்காக யாராவது உங்க பக்கத்துல காபி குடிக்க உக்காராம இருந்தாங்களா?"

ஹோம்மெஸ் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்துவிட்டு, கைத்தடியை ஊன்றி, வந்த பாலத்தின் வழியே திரும்பி நடந்தார்.